ஸ்கர்ட்டிங் இல்லாத சுவர்: டிவி வீடுகளின் ரசனையும் பில்லும்

வீடு புதுப்பிக்கும் நிகழ்ச்சி எதுவானாலும் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு சம்மட்டி வந்துவிடும். தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வீட்டுக்காரரே ஓங்கி ஒரு போடு போடுவார். சுவர் பொலபொலவென்று உதிரும், சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். அடுத்த காட்சியில் இடிபாடு எதையும் காணோம். சமையலறையும் கூடமும் ஒன்றாகியிருக்கும், நடுவில் வெள்ளைக் கல் பதித்த மேடை பளபளக்கும். இந்த இரண்டு காட்சிக்கும் இடையில் வெட்டி எறியப்பட்ட பகுதியில்தான் பணம் போகிறது.

உடைபட்டது வெறும் தடுப்புச் சுவர் என்றால் பெரிய செலவில்லை. மேல்தளத்தைச் சுமக்கிற சுவர் என்றால் சம்மட்டியே தப்பான கருவி. ஓங்கி அடிக்கிற ஒவ்வொரு அடியும் மேலே உள்ள பூச்சில் கீறலாக இறங்கும். வேலை தெரிந்தவர்கள் சுவரின் தலைப்பக்கத்தில் சுமார் 90 செ.மீ.க்கு ஒன்றாகத் துளை போட்டு, குறுக்கே கட்டையோ இரும்போ நுழைத்து, அதன் இரு முனைக்கும் ஜாக்கி முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கீழே கை வைப்பார்கள். அந்த ஜாக்கி எதன் மேல் நிற்கிறது என்பது அடுத்த கேள்வி. கீழே மரத்தளம் இருந்தால் அதற்கும் அடியில் தரை வரை முட்டு இறங்க வேண்டும். பிறகு மேலிருந்து கீழாக, கட்டிங் மெஷினும் சின்ன உளியும் வைத்து, வரிசை வரிசையாகக் கல்லை எடுப்பார்கள். கேமராவுக்கு இதில் ஒரு சுவாரசியமும் கிடையாது.

அடுத்தது பீம். மீட்டருக்கு 46 கிலோ எடையுள்ள இரும்பு பீம் 6 மீட்டர் நீளம் என்றால் 276 கிலோ. வாசல் வழியாகத் திரும்புமா, எத்தனை பேர் தூக்குவார்கள், கிரேன் வேண்டுமா, இரண்டு துண்டாக வாங்கி உள்ளே போல்ட் போட்டு இணைப்பதா என்பதெல்லாம் தனித்தனிச் செலவு. பீமின் இரு முனையும் உட்காரும் இடத்தில் கான்கிரீட் கட்டை வைக்க வேண்டும். முன்பு 6 மீட்டர் நீளத்துக்குப் பரவி இறங்கிய பாரம் இப்போது இரண்டே புள்ளிகளில் இறங்குகிறது. அதற்கு அடியில் உள்ள அஸ்திவாரம் தாங்குமா என்று தோண்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. தோண்டினால் பெரும்பாலும் ஏதாவது கிளம்பும்.

பீமை ஏற்றி வைத்ததும் வேலை முடிந்ததாக நினைப்பவர்கள்தான் ஆறு மாதம் கழித்துக் கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடும் கீறலைப் பார்த்துத் திகைப்பார்கள். பீமின் முதுகுக்கும் மேலே நிற்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும். அதில் இரும்புத் தகடோ சிலேட்டோ செருகி, ஈரம் குறைந்த கெட்டிச் சாந்தைக் குத்திக் குத்தி அடைக்க வேண்டும். தளதளவென்று குழைத்த சாந்தை அப்பினால் காய்ந்து சுருங்கும், மேல் சுவர் அந்தச் சுருக்கத்தின் அளவுக்கு இறங்கும். அடைத்த பிறகும் சாந்து இறுகும் வரை ஜாக்கியைத் தொடக்கூடாது. வாடகைக்கு எடுத்த ஜாக்கியைச் சீக்கிரம் திருப்பித் தர வேண்டும் என்ற அவசரத்தில் இந்த இடத்தில்தான் கோட்டை விடுவார்கள்.

அகலத்தின் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரே பீம், நீளம் முழுக்க ஒரே சீரான பாரம் என்றால், தாண்டும் தூரம் இரட்டிப்பானால் அதன் தொய்வு 16 மடங்காகும். 3 மீட்டர் திறப்பைவிட 6 மீட்டர் திறப்புக்குச் செலவு இரண்டு பங்குதான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சாதாரணமாகப் பூச்சு வெடிக்காமல் இருக்கத் தூரத்தில் 360-ல் ஒரு பங்கு வரை தொய்வை அனுமதிப்பார்கள். 6 மீட்டருக்கு அது கிட்டத்தட்ட 17 மி.மீ. அந்த பீமுக்கு அடியில் நகரும் கண்ணாடிக் கதவு வருகிறதென்றால் 17 மி.மீ. தொய்வில் கதவு இறுகி நின்றுவிடும். ஆகவே பாரத்தைத் தாங்குவதற்குத் தேவையானதை விடப் பெரிய பீமை, தொய்வைக் குறைப்பதற்காக மட்டுமே வாங்க வேண்டியிருக்கும். பெரிய பீம் வந்தால் கூரை உயரம் குறையும். உயரம் குறையாமல் பீமை மேலே ஒளித்துவைக்கச் சொன்னால், மேல்தளத்து விட்டங்களை அறுத்து அதன் பக்கவாட்டில் தொங்கவிட வேண்டும். ‘கூரை மட்டமாக ஒரே வீச்சில் ஓட வேண்டும்’ என்ற ஒரு வரி ஆசைக்கு இவ்வளவு விலை.

பீமை ஒளிக்காமல் பழைய தொழிற்சாலை மாதிரி வெளியே தெரிய விடுவதும் டிவியில் வந்த மோகம்தான். பார்த்தால் மிச்சப்படுத்துவது போலத் தோன்றும். ஆனால் 550 டிகிரி செல்சியஸ் வாக்கில் இரும்பு தன் பலத்தில் பெரும் பங்கை இழந்துவிடும், வீட்டுத் தீயில் அந்தச் சூடு எளிதில் வரும். ஜிப்சம் போர்டு போட்டு மூடிவிட்டால் மலிவாகத் தீப்பாதுகாப்பு முடிந்துவிடும். வெளியே தெரிய வேண்டுமென்றால் சூட்டில் நுரைத்து உப்பும் விசேஷப் பெயின்ட்டைச் சொன்ன கனத்துக்கு அடித்துச் சான்றிதழும் வாங்க வேண்டும். மூடாத பீமே விலை கூடிய பீம்.

எல்லா நிகழ்ச்சியிலும் சுவரை ஏன் உடைக்கிறார்கள் என்பதற்குக் குடும்ப ஒற்றுமை, வெளிச்சம் என்று காரணம் சொல்வார்கள். அதற்கு முன்னால் இன்னொரு காரணம் இருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் கேமராவை வைத்து மூன்று பேரைப் பேசவைத்துப் பார்த்தால் புரியும். அறை சிறிதானால் படம் வராது. பெரிய ஒற்றைக் கூடத்தில் வைட் ஆங்கிள் லென்ஸ் போட்டால் பழைய நிலையும் புதிய நிலையும் ஒரே கோணத்தில் கச்சிதமாக வந்துவிடும். வெள்ளைச் சுவர், கருப்பு ஜன்னல் சட்டம், ஒரே நிறத்தரை, நடுவில் ஒரு மேடை, மேலே தொங்கும் மூன்று விளக்கு: இதெல்லாம் திரையில் உடனே படிக்கக்கூடிய ரசனை. கேமராவால் காட்ட முடியாதவையும் ஒரு பட்டியலுக்கு வரும். மிக்சி ஓடும்போது டிவி கேட்காது என்பது, வதக்குகிற வாசனை சோபாவின் துணியில் ஏறுவது, கல்லும் கண்ணாடியும் நிறைந்த கூடத்தில் நாலு பேர் பேசினால் எதிரொலிப்பது, துடைப்பமும் இஸ்திரி மேசையும் வைக்க இடமில்லாதது. மாடிப்படி திறந்த கூடத்திலேயே இறங்கினால் கீழே பற்றும் தீயின் புகை நேராகப் படுக்கையறைக்குப் போகும். பல நாடுகளில் அதற்கு நீர்தெளிப்பானோ தீத்திரையோ கேட்பார்கள். சுவரை உடைத்த செலவு போக, சுவர் செய்துகொண்டிருந்த வேலையைச் செய்ய ஒரு கருவி வாங்கும் செலவு அது.

இந்த ரசனையில் ஏமாற்றுவது ‘சிம்பிள்’ என்ற சொல். சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை வேண்டாம், கதவைச் சுற்றிச் சட்டம் வேண்டாம், கூரை மூலையில் பட்டை வேண்டாம், எல்லாம் சுத்தமாக இருக்கட்டும் என்பார்கள். எடுத்துவிட்டால் செலவு குறையும் என்று தோன்றுவது இயல்பு. ஸ்கர்ட்டிங் என்பதை யாரும் அழகுக்காகக் கண்டுபிடிக்கவில்லை. பூச்சு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் தரையைத் தொடும் இடத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கும். மரத்தரை என்றால் ஈரத்தில் விரிய 10 முதல் 12 மி.மீ. இடைவெளியைச் சுற்றிலும் விட்டே ஆகவேண்டும். அந்த இடைவெளியையும் கோணலையும் துடைப்பத்தின் அழுக்கையும் ஒருசேர மறைக்கிற பட்டைதான் ஸ்கர்ட்டிங். கதவுச் சட்டத்தைச் சுற்றிய பட்டையும் கூரை ஓரத்துப் பட்டையும் அதே ஜாதி. ஒருவர் வேலையில் விட்ட குறையை அடுத்தவர் மூடிவிட வழி செய்த ஏற்பாடு.

அந்தப் பட்டையை எடுத்துவிட்டு, சுவர் தரைக்கு ஒரு விரல் மேலே மிதப்பது போல நிழல் கோடு விட வேண்டுமென்றால் வேலையின் வரிசையே மாறும். பூசுவதற்கு முன்பே சுவரடியில் உலோகப் பட்டியை ரசமட்டம் வைத்துப் பொருத்த வேண்டும். அப்படியானால் கடைசியாக வரப்போகும் தரையின் மட்டம் இப்போதே மில்லிமீட்டர் கணக்கில் தெரிந்திருக்க வேண்டும். டைலின் கனம், பசையின் கனம், அடியில் உள்ள தரைப்பூச்சு எல்லாம் முடிவாகியிருக்க வேண்டும். பிறகு யாராவது டைலை மாற்றித் தரை 5 மி.மீ. ஏறினால், 15 மி.மீ. என்று நினைத்த நிழல் கோடு 10 ஆகிவிடும். தரை ஒரு பக்கம் மட்டும் ஏறினால் கோடு ஆப்பு மாதிரி ஒரு மூலையில் அகலமாகவும் மறு மூலையில் குறுகலாகவும் ஓடும். ஸ்கர்ட்டிங் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. சட்டம் தெரியாத கதவும் இப்படித்தான். உலோக நிலையைப் பூச்சுக்கு முன்பே தூக்குக்குண்டு பிடித்து நிறுத்த வேண்டும், நிலை ஓரத்தில் வலை ஒட்டிப் பூச வேண்டும். வலை விட்டுப்போனால் கதவைச் சாத்தும் அதிர்ச்சியில் நிலையைச் சுற்றி மயிரிழைக் கீறல் வரும். ஒரு நாளில் முடிகிற கதவுக்கு மூன்று நாள் ஆகும், மூன்று நாளும் நல்ல ஆளாகத் தேவை.

பெரிய டைலும் இதே கதைதான். 1200க்கு 2400 மி.மீ. பலகை 6 மி.மீ. கனத்தில் 40 கிலோவைத் தாண்டும். வெற்றிடக் கப் பிடித்த சட்டத்தில் வைத்து இரண்டு மூன்று பேர் தூக்க வேண்டும். அடித்தளம் 2 மீட்டர் மட்டப்பலகைக்கு அடியில் 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் காட்டக்கூடாது. பழைய தரை எதுவும் அப்படி இருக்காது. ஆகவே டைலுக்கு முன்னால் சமன்படுத்தும் கலவை ஊற்றும் வேலை ஒன்று வரும், அது பெரும்பாலும் கொட்டேஷனில் இருக்காது. பசையைத் தரையிலும் டைலின் முதுகிலும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். நடுவில் பொள்ளல் விட்டால் கனமான எதையாவது போட்ட அன்று உடையும். செங்கல் கட்டுப்போல ஒன்றுக்கொன்று பாதி தள்ளி நீள டைலைப் பதிக்கச் சொல்வார்கள், படத்தில் அழகாக இருக்கும். சூளையிலிருந்து வரும் நீள டைல் நடுவில் இம்மி அளவு வளைந்திருக்கும். பாதி தள்ளினால் ஒன்றின் மேடான நடுப்பகுதி அடுத்ததன் தாழ்ந்த முனைக்குப் பக்கத்தில் வந்து காலில் இடறும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளக்கூடாது என்பது அதனால்தான்.

நடு மேடைக்கு வருவோம். கல்லின் விலையை எல்லோரும் விசாரிப்பார்கள், தண்ணீரைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். மேடையில் சிங்க் வைத்தால் அதன் கழிவு நீர் சுவர் வரை தரைக்கு அடியில் போக வேண்டும். மீட்டருக்கு 18 மி.மீ.யாவது வாட்டம், அதாவது சரிவு, வேண்டும். 4 மீட்டருக்கு 72 மி.மீ., அதோடு குழாயின் கனம். கான்கிரீட் தரை என்றால் வெட்ட வேண்டும். மரத் தளம் என்றால் விட்டங்கள் குழாய்க்கு இணையாக ஓடினால் பிழைத்தோம், குறுக்கே ஓடினால் இல்லை. வாட்டம் போதாமல் கட்டினால் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து ஒரு வருடத்துக்குள் அடைக்கும். அடுப்பையும் மேடைக்குக் கொண்டுவந்தால் புகைபோக்கிக்கு 150 மி.மீ. குழாய் கூரைக்குள் ஓட வேண்டும். சுவரோரப் புகைபோக்கிக்கு முதுகில் சுவர் இருப்பதால் புகை சிதறாது. நடுவில் தொங்குவதற்கு நாலு பக்கமும் காற்று, ஆகவே பெரிய அளவும் அதிக வேகமும் தேவை, அதனால் சத்தமும் அதிகம். மூடியில்லாத திறந்த அலமாரிகளை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். வாரம் ஒரு முறை தட்டைக் கழுவிக் கழுவி வைக்கிற ஆள் சம்பளத்தையும் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டியதுதான்.

கழிப்பிடத்தை இடம் மாற்றுவது இதைவிடப் பெரிய சங்கடம். 110 மி.மீ. குழாய், 40-க்கு 1 வாட்டம், 4 மீட்டர் தூரம் என்றால் 100 மி.மீ. இறக்கம். இரண்டும் சேர்ந்தால் 21 செ.மீ., சாதாரண மாடித் தளத்தின் வயிற்றுக்குள் அது அடங்காது. கீழ் அறையின் கூரையைத் தாழ்த்த வேண்டும் அல்லது குளியலறைத் தரையை ஒரு படி உயர்த்த வேண்டும். படியே இல்லாத சமதளக் குளியலறை கேட்டவரிடம் இந்தச் சேதியைச் சொல்வதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

கண்ணாடிச் சுவரின் கணக்கு சுருக்கமானது. ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 2.5 கிலோ. 3 மீட்டருக்கு 2.7 மீட்டர் பலகையில் 8 மி.மீ. கண்ணாடி இரண்டு அடுக்கு என்றால் 324 கிலோ. வீட்டுக்குப் பின்பக்கம் போக வழியில்லை என்றால் கூரைக்கு மேலாகக் கிரேன்தான். திறப்பு கட்டி முடிந்தபின் அளவெடுக்க வேண்டும், வரைபடத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்தால் 10 மி.மீ. வித்தியாசத்தில் பலகை குப்பைக்குப் போகும். நல்ல இரட்டைக் கண்ணாடி கூட, காப்பு நன்றாகப் போட்ட சுவரைவிட ஆறு ஏழு மடங்கு வெப்பத்தைக் கடத்தும். மேற்கு பார்த்திருந்தால் மாலையில் அறை அடுப்பு. இரவில் திரை இல்லாவிட்டால் உள்ளே இருப்பவருக்குத் தன் முகம் மட்டுமே தெரியும், வெளியே நிற்பவருக்கு வீடு முழுக்கத் தெரியும். அப்போதுதான் திரைச்சீலை ஞாபகம் வரும். கூரை மட்டமாக ஓட வேண்டும் என்று முன்பே கேட்டுவிட்டதால் திரைக்கம்பி மாட்ட இடமிருக்காது. பீம் போடும்போதே 15 செ.மீ. குழி விட்டிருக்க வேண்டும். உள்ளும் வெளியும் ஒரே மட்டத்தில் தரை வேண்டும் என்பவர்கள், வாசலோரம் முழுநீள வடிகாலும் வெளித்தரைக்கு வீட்டைவிட்டு விலகும் வாட்டமும் கேட்டு வாங்க வேண்டும். அந்த வடிகாலில் விழும் இலையை அள்ளுவது ஆயுள் முழுக்க இருக்கும்.

டிவி செய்யும் பெரிய பொய் நேரத்தைப் பற்றியது. ‘மூன்று வாரம் கழித்து’ என்று எழுத்து வரும். சிமென்ட் தரைப்பூச்சு முதல் 50 மி.மீ. வரை மில்லிமீட்டருக்கு ஒரு நாள் வீதம் காயும், அதற்கு மேல் இன்னும் மெதுவாக. 75 மி.மீ. போட்டால் நல்ல சூழ்நிலையிலேயே சுமார் 100 நாள். மேலே தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். ஈரமானியைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும், 75 சதவீத ஈரப்பதத்துக்குக் கீழே இறங்காமல் மரத்தரை போடக்கூடாது. பொறுக்காமல் போட்டால் பலகை அடிப்பக்கம் உப்பி, ஓரங்கள் எழும்பி, ஓட்டுக்கூரை மாதிரி அலையலையாகும். முழுத் தரையையும் பெயர்க்க வேண்டியதுதான்.

2003 முதல் 2012 வரை அமெரிக்காவின் ஏபிசி சானலில் ஒரு வாரத்தில் வீடு கட்டிக் கொடுக்கும் ‘எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்’ ஓடியது. 7 நாளில் வீடு எப்படி முடிந்தது என்பதில் மாயம் ஒன்றுமில்லை. வரைபடமும் அனுமதியும் முன்பே தயார், நூற்றுக்கணக்கானோர் இரவு பகலாக ஷிப்ட் முறையில், பொருளும் உழைப்பும் நன்கொடையாக. அந்த அவசரத்தின் உண்மை விலையை யாரும் கட்டவில்லை, ஆகவே திரையில் விலை இல்லை. வீடு கிடைத்த சில குடும்பங்களுக்குப் பிறகு மின்கட்டணமும் சொத்துவரியும் எகிறின. பெரிய வீட்டுக்குப் பெரிய வரி. பிபிசியில் 1996-ல் தொடங்கிய ‘சேஞ்சிங் ரூம்ஸ்’ இதற்கு நேர் எதிர்: இரண்டு நாள், அறைக்கு 500 பவுண்டு. அந்தத் தொகையில் டிசைனர், தச்சர் கூலி சேராது. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை வீடுகளில் கொடிகட்டிப் பறந்ததற்கு அந்த நிகழ்ச்சிக்குப் பெரும் பங்குண்டு. சீக்கிரம் அறுபடும், பெயின்ட் வழவழப்பாக ஏறும், காட்சிக்கு உகந்த பொருள். தண்ணீர் பட்டால் ஓரம் பிஸ்கட் மாதிரி உப்பும் என்பது இரண்டாம் வருடத்துச் சேதி. இவற்றுக்கு முன்னோடியாக 1979-ல் பாஸ்டனில் தொடங்கிய ‘திஸ் ஓல்டு ஹவுஸ்’ ஒரே பழைய வீட்டை எடுத்துக்கொண்டு சீசன் முழுக்க அதன் கூரையும் குழாயும் காட்டியது. கட்டுமானம் கற்க விரும்புகிறவர் இன்றும் அந்த வகையைத் தேடிப் பார்க்கலாம்.

நிஜப் பணம் எப்படித் தப்பும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. உளவியலாளர் டேனியல் கானமன் எடுத்துக்காட்டிய 2002-ம் வருட ஆய்வு அது. சமையலறையைப் புதுப்பித்த அமெரிக்க வீட்டுக்காரர்கள் சராசரியாக 18,658 டாலர் ஆகும் என்று நினைத்தார்கள், ஆனது 38,769 டாலர். இரண்டு மடங்குக்கும் மேல். இதைக் காண்டிராக்டர் ஏமாற்றியது என்று மட்டும் நினைக்க வேண்டாம். தொடங்கும்போது சமையலறை மட்டும், நடுவில் ‘இதோடு சேர்த்து அதையும்’ என்று ஆசை வளர்வதும் காரணம். புதுக் கேபினெட் வந்ததும் பழைய ஜன்னல் உறுத்த ஆரம்பிக்கும்.

திரையில் சொல்லும் தொகையில் வழக்கமாக விட்டுப்போகிறவை: ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர் கட்டணம், அனுமதிக் கட்டணம், சாரம், இடிபாடு அகற்றுவது, வேலை நடக்கும்வரை வேறு வீட்டு வாடகை, சாமான் வைக்கும் கிடங்கு, காப்பீடு, கடன் வட்டி, வீட்டுக்காரரே செய்த உழைப்பு, வெளியே தோட்டம். கடைசிக் காட்சியில் இருக்கும் சோபாவும் ஓவியமும் பல நிகழ்ச்சிகளில் படப்பிடிப்புக்கு வந்தவை, வேண்டுமென்றால் காசு கொடுத்து வைத்துக்கொள்ளலாம். வரி இன்னொரு பக்கம். பிரிட்டனில் புது வீடு கட்டினால் வாட் வரி பூஜ்யம், இருக்கும் வீட்டைப் புதுப்பித்தால் பொதுவாக 20 சதவீதம். அங்கத்து நிகழ்ச்சிகளில் நன்றாக இருக்கும் வீட்டை இடித்துவிட்டு மறுபடி கட்டுகிறார்களே என்று ஆச்சரியப்படுபவர்கள் இந்த விகிதத்தையும் பார்க்க வேண்டும். ரசனை என்று நாம் நினைப்பதில் பாதி வரிச் சட்டமாக இருக்கும்.

பிரிட்டனின் சேனல் 4-ல் 1999 முதல் வரும் ‘கிராண்ட் டிசைன்ஸ்’ இந்த வகையில் நேர்மையானது. வருடக்கணக்கில் பின்தொடர்ந்து படம் பிடிப்பார்கள், தோற்றால் தோற்றதையும் காட்டுவார்கள். இங்கிலாந்தின் வட டெவன் கடற்கரையில் கலங்கரை விளக்கம் போன்ற ஒரு வீடு 2019-ல் அதில் வந்தது. 18 லட்சம் பவுண்டு பட்ஜெட்டில் தொடங்கியது, ஒளிபரப்பானபோது ஜன்னலில்லாத கான்கிரீட் கூடாக நின்றது, கடன் பட்ஜெட்டையும் தாண்டியிருந்தது. பெரிய கட்டுமானத்தில் சிமென்ட்டைவிட வட்டிதான் வேகமாக வளரும். கடனாக வாங்கிய 100-க்கு வருடம் 10 வட்டி என்றால் ஆறு மாதத் தாமதம் 5. அந்த ஆறு மாதமும் சாரத்துக்கும் மேற்பார்வைக்கும் தற்காலிக வீட்டுக்கும் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். ஒதுக்கி வைத்த உபரி இதிலேயே தீர்ந்துபோகும்.

உபரி எவ்வளவு? மண்ணைப் பரிசோதித்த புதுக் கட்டடத்துக்கு 10 சதவீதம் வழக்கம். பழைய வீட்டைத் திறக்கிறோம் என்றால் 20-ஐக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. ஓதம், அரித்த விட்டம், பழைய ஒயரிங், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்), ஈயப் பெயின்ட் எல்லாம் சுவரைத் திறந்த பிறகே முகம் காட்டும். அமெரிக்காவில் ஈயப் பெயின்ட்டை 1978-ல்தான் தடைசெய்தார்கள், பிரிட்டனில் கல்நார் முழுவதும் தடையானது 1999-ல். அதற்கு முந்திய வீட்டில் அந்தச் சம்மட்டிக் காட்சியைப் பரிசோதனை செய்யாமல் நடித்துப் பார்ப்பது உடம்புக்கே கேடு.

கொட்டேஷனில் கண்ணை வைக்க வேண்டிய சொல் ‘உத்தேசம்’. டைல் உத்தேசம் இவ்வளவு, குழாய்ச் சாமான் உத்தேசம் இவ்வளவு, எலக்ட்ரிக்கல் உத்தேசம் இவ்வளவு என்று எழுதிய வரிகளைக் கூட்டிப் பார்த்தால் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் இருந்தால் கையில் உள்ளது விலைப்பட்டியல் இல்லை, யூகம். மலிவான கொட்டேஷன் மலிவாக இருப்பது பெரும்பாலும் இந்த வரிகளைக் குறைத்துக் காட்டியதால்தான். குழாய், ஸ்விட்ச், கைப்பிடி வரை தேர்ந்தெடுத்து முடித்த பிறகு விலை கேட்டால் யூகம் சுருங்கும். வேலை தொடங்கியபின் மாற்றும் ஒவ்வொன்றுக்கும் தொகையும் கூடுதல் நாளும் எழுதிக் கையெழுத்தான பிறகே கை வைக்கச் சொல்ல வேண்டும். வாய்ப்பேச்சில் ‘பார்த்துக்கலாம் சார்’ என்று போனது கடைசி பில்லில் மூன்று பக்கமாக வந்து நிற்கும்.

விற்கும்போது இந்தப் பணம் திரும்புமா? அமெரிக்க ‘ரீமாடலிங்’ இதழ் வருடாவருடம் வெளியிட்டுவந்த செலவு–மதிப்பு ஒப்பீட்டில் ஒரு விஷயம் மாறாமல் வந்தது. ஆடம்பரமாக மாற்றிய பெரிய சமையலறையைவிட, கதவுகளையும் கல்லையும் மட்டும் மாற்றிய சின்ன வேலை செலவில் அதிகப் பங்கைத் திரும்பத் தருகிறது. கராஜ் கதவும் வாசற்கதவும் பல முறை முன்வரிசையில் இருந்திருக்கின்றன. ரசனை சீக்கிரம் பழசாவதும் ஒரு காரணம். டெக்சாஸ் வேகோ நகரில் எடுத்த ‘ஃபிக்ஸர் அப்பர்’ 2013-லிருந்து ஷிப்லாப் என்ற பலகையை ஊரெல்லாம் பரப்பியது. அந்தப் பகுதியின் பழைய வீடுகளில் அது சுவர்த்தாளுக்கு அடியில் மறைந்திருந்த முரட்டுப் பலகை. மேலே இருந்ததைக் கிழித்து எடுத்து வெள்ளையடித்ததும் அழகாகிவிட்டது. பிறகு ஷிப்லாப் இல்லாத புது வீட்டுச் சுவர்களில் எம்.டி.எஃப்.பில் கோடு இழைத்து ஒட்டினார்கள். இப்போது அதைப் பிய்த்தால் அடியில் பசை வரிவரியாகக் காய்ந்திருக்கும், சுவரை மறுபடி பூச வேண்டும். எந்த மோகத்தையும் ஆணியில் மாட்டலாம், பெயின்ட்டில் அடிக்கலாம், விரிப்பாகப் போடலாம். டைலிலும் ஜன்னல் சட்டத்திலும் குளியலறைக் கல்லிலும் ஏற்றினால் கழற்றும்போதும் காசு.

வேலை முடிந்த அன்று முழுப் பணத்தையும் கொடுத்துவிடும் வழக்கம் நிறைய இருக்கிறது. ஒப்பந்தத்திலேயே 5 சதவீதம் பிடித்து வைத்து, பாதியைச் சாவி வாங்கும்போதும் மீதியை ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் குறைகளைச் சரிசெய்த பிறகும் தருவது என்று எழுதிக்கொள்ளலாம். அந்த ஒரு வருடத்துக்குள் வீடு ஒரு மழையையும் ஒரு கோடையையும் பார்த்துவிடும். பூச்சு சுருங்கும், மரம் அசையும், புது பீம் தன் இடத்தில் அமரும். கண்ணாடிக் கதவு ஒரு காலையில் இழுத்தால் வராது. சட்டத்தின் அடிமூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைக் கழற்றி ரோலர் திருகைக் கால் சுற்றுச் சுற்றினால் பெரும்பாலும் ஓடும். இரண்டு முழுச் சுற்றுக்கும் வரவில்லை என்றால் கதவை விட்டுவிட்டு, மேலே பீமின் அடியில் நூல் பிடித்துப் பார்க்க வேண்டும்.